செண்டுமல்லி நட்டால் பூச்சி ஓடிவிடுமா?

கத்திரிச் செடியைச் சுற்றி நான்கு செண்டுமல்லி நட்டுவிட்டால் பூச்சி அண்டாது. வீட்டுத் தோட்டமோ சமூகத் தோட்டமோ தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் அறிவுரை இது. சொல்பவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால், நட்டுப் பார்த்தவர்கள் பலர் கண்டது வேறு. செண்டுமல்லி மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும்; அதற்கு ஒரு சாண் தள்ளி, கத்திரியின் குருத்து வாடித் தலைகவிழ்ந்து தொங்கும். காயை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும்.

அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோரின் கை மருந்துப் போத்தலைத் தேடிப் போகிறது. சொந்த நிலத்தில் தெளித்தால் அது ஒருவரின் முடிவோடு முடிந்துவிடும். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில், பத்துப் பதினைந்து குடும்பங்கள் அடுத்தடுத்துப் பாத்தி கட்டியிருக்கும் இடத்தில் தெளித்தால், காற்று அதைப் பக்கத்துப் பாத்தியின் கீரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தக் கீரை அன்று மாலையே யாரோ ஒருவரின் சட்டிக்குப் போகலாம்.

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு தேசியப் பூங்காக் கழகம் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உருவாகியுள்ளன. 2016இல் ஹார்ட்பார்க்கில் வாடகைப் பாத்திகள் அறிமுகமாயின. 2020இல் கொவிட்-19 காலத்தில் காய்கறி விதைப் பொட்டலங்கள் வீடுகளுக்கு இலவசமாக அனுப்பப்பட்டன. தோட்டம் போடுவோர் பெருகப் பெருக, எந்தச் செடிக்குப் பக்கத்தில் எதை நட்டால் பூச்சி குறையும் என்ற பேச்சும் பெருகியிருக்கிறது. அதில் எது சரக்கு, எது வெறும் பேச்சு என்று பிரித்துப் பார்ப்பது மருந்துப் போத்தலைத் தள்ளிவைக்க உதவும்.

ஊடுபயிர் என்னும் பழைய வழக்கம்

துணைப்பயிர் என்று இன்று சொல்லப்படுவது தமிழ் உழவர்களுக்குப் புதிதல்ல. ஊடுபயிர், வரப்புப்பயிர், பொறிப்பயிர் என்று தனித்தனிச் சொற்களே இருக்கின்றன. மூன்றும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முதன்மைப் பயிரின் வரிசைகளுக்கு இடையே நடுவது ஊடுபயிர். வயலின் ஓரத்தில் வேலிபோல் நிற்பது வரப்புப்பயிர். பூச்சியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதற்காகவே வளர்க்கப்படுவது பொறிப்பயிர். நிலக்கடலை வயல் ஓரத்தில் ஆமணக்கு நட்டு, இலை தின்னும் புழுவின் முட்டைக் குவியலை ஆமணக்கு இலையோடு கிள்ளி அழிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு.

‘பக்கத்தில் நடு’ என்ற ஒற்றை அறிவுரையில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. ஒரு செடி பூச்சியை விரட்டுகிறதா, குழப்புகிறதா, இழுத்து வைத்துக்கொள்கிறதா, அல்லது பூச்சியைத் தின்னும் இன்னொரு பூச்சிக்கு விருந்து வைக்கிறதா என்பது தெரியாமல் நட்டால் பலன் கிடைப்பது தற்செயலாகத்தான் இருக்கும்.

வாசனையா, பச்சை நிறமா?

வாசனைச் செடிகள் பூச்சியை விரட்டும் என்பதுதான் பரவலான நம்பிக்கை. இங்கிலாந்தின் வெல்ஸ்பர்ன் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் ஸ்டான் ஃபின்ச், ரோஸ்மேரி காலியர் ஆகிய பூச்சியியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தனர். முட்டைக்கோஸின் வேரைத் தின்னும் ஈயையும் வெங்காய ஈயையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவற்றுக்குப் பிடித்த செடியைச் சுற்றி ஒருமுறை வாசனைச் செடிகளையும், இன்னொரு முறை வாசனையே இல்லாத சாதாரணச் செடிகளையும் களைகளையும் வைத்தனர்.

2003இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. வாசனைச் செடிகள் மற்றவற்றைவிடச் சிறப்பாக ஒன்றும் செய்யவில்லை. சுற்றிலும் பச்சை இருந்தாலே போதுமானதாக இருந்தது.

அவர்கள் தந்த விளக்கம் எளிமையானது. செடியின் மணம் ஈயை அந்த இடத்திற்கு அழைத்து வருகிறது. ஆனால் எங்கே இறங்குவது என்பதைக் கண்தான் முடிவு செய்கிறது. வெறும் மண்ணில் ஒற்றைச் செடி நின்றால் பச்சையாகத் தெரிவது அது மட்டுமே, ஈ நேராக அதில் இறங்கும். சுற்றிலும் பச்சை இருந்தால் தவறான இலையில் இறங்கும். இறங்கியதும் காலால் சுவை பார்க்கும், பறக்கும், மறுபடி இறங்கும். முட்டையிடத் துணிவதற்கு முன் சரியான இலையில் அடுத்தடுத்துச் சில தடவையாவது இறங்க வேண்டும். இடையில் தவறான இலை குறுக்கிட்டால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அது வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

அந்த ஆய்வு இரண்டு ஈக்களைப் பற்றியது. இருட்டிய பிறகு வரும் கத்திரி அந்துப்பூச்சிக்கும் அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும், செடிகளுக்கு இடையே மண்ணைத் துடைத்துவைத்ததுபோல் வெறுமையாக விடும் பழக்கம் பூச்சிக்குத்தான் வசதி என்பது யோசிக்க வேண்டிய செய்தி. இடையில் பொன்னாங்கண்ணி போன்ற தாழ்ந்து படரும் கீரையை வளர்த்தால் பச்சையும் கிடைக்கும், பொரியலும் கிடைக்கும். அளவு மீறினால் அதுவே தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டியாக வந்துவிடும் என்பதால் அவ்வப்போது கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

செண்டுமல்லியின் வேலை மண்ணுக்குக் கீழே

துலுக்கச் சாமந்தி என்றும் அழைக்கப்படும் செண்டுமல்லி, மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தந்த செடி. சிராங்கூன் சாலையின் பூக்கடைகளில் தொங்கும் மாலைகளைப் பார்த்தால் அது நம்முடையதல்ல என்று யாரும் நம்பமாட்டார்கள். காய்ந்த மாலையிலிருந்து விதை எடுத்து முளைக்க வைப்போரும் உண்டு.

அதற்கு உண்மையிலேயே ஓர் ஆற்றல் இருக்கிறது. ஆனால் அது பூவிலோ இலையின் நெடியிலோ இல்லை, வேரில் இருக்கிறது. செண்டுமல்லியின் வேரில் ஆல்ஃபா டெர்தையனில் என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. மண்ணில் வாழும் நூற்புழுக்களை, குறிப்பாக வேர்முடிச்சு நூற்புழுக்களை, அது கட்டுப்படுத்துகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழுக்கள் கத்திரி, தக்காளி, வெண்டை, பாகற்காய் ஆகியவற்றின் வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்கின்றன. செடி வளராமல் நிற்கும். நண்பகலில் துவண்டு, மாலையில் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், பயன் இருக்காது.

இங்கேதான் நான்கு செடி அறிவுரை தடுக்கி விழுகிறது. அந்த வேதிப்பொருள் உயிருள்ள வேரைச் சுற்றியே வேலை செய்கிறது. ஒரு மூலையில் நிற்கும் செண்டுமல்லி, இரண்டடி தள்ளியிருக்கும் கத்திரி வேரைக் காப்பாற்றாது. பாத்தி முழுவதும் செண்டுமல்லியையே நெருக்கமாக, செடிக்குச் செடி ஒரு சாணுக்குள், குறைந்தது இரண்டு மாதம் வளர்க்க வேண்டும். இடையில் களை இருந்தால் நூற்புழு அதன் வேரில் உயிர்பிழைத்துக்கொள்ளும் என்பதால் களையும் கூடாது. பிறகு செடிகளை வெட்டி மண்ணோடு கலந்துவிட்டுக் காய்கறியை நட வேண்டும். ஆக, நூற்புழுவைப் பொறுத்தவரை செண்டுமல்லி கத்திரிக்கு முன்னால் வர வேண்டிய பயிர், பக்கத்தில் வர வேண்டியதல்ல. ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது மாலைக்குக் கட்டும் பெரிய பூ வகையைவிடக் குட்டையாக வளரும் பிரெஞ்சு வகையே.

அப்படிச் செய்தாலும் புழு அடியோடு அழியாது. அடுத்த கத்திரிப் போகத்தில் மெல்லத் திரும்பி வரும். மேலும், கடையில் வாங்கிய புதிய மண்ணைத் தொட்டியில் நிரப்பி வளர்ப்போருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. தாழ்வாரத் தொட்டிக்குள் செண்டுமல்லியை நெருக்கி நடுவதால் மிளகாய்ச் செடிக்கு இடம் குறைவதுதான் மிச்சம். வறண்ட நாள்களில் செஞ்சிலந்தியும் செண்டுமல்லியில் நன்றாகப் பெருகும். நத்தைகளுக்கோ அது மிகவும் பிடித்த தீனி. இரவில் கைவிளக்கோடு போய்ப் பொறுக்குவதற்கு மாற்றாக எந்தத் துணைப்பயிரும் இல்லை.

இழுத்துவைக்கும் செடிகள்

பொறிப்பயிருக்கு நல்ல சான்றுகள் உண்டு. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சிக் கழகம், முட்டைக்கோஸ் வயலில் 25 வரிசைக்கு ஒருமுறை கடுகு விதைக்கும் முறையை உருவாக்கியது. வைரமுதுகு அந்துப்பூச்சி முட்டைக்கோஸை விட்டுவிட்டுக் கடுகுக்குப் போகும். தக்காளி வயலில் காய்ப்புழுவை இழுக்க, வயதில் மூத்த செண்டுமல்லி நாற்றுகளை வரிசைக்கு இடையே நடும் முறையும் அங்கிருந்து வந்ததே. இங்கே செண்டுமல்லி பூச்சியை விரட்டவில்லை, அழைக்கிறது என்பதைக் கவனித்தால் ‘பூச்சி அண்டாது’ என்ற பேச்சு எவ்வளவு தலைகீழானது என்று புரியும்.

கென்யாவில் 1990களிலிருந்து ஜியாவுர் கான் தலைமையிலான ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘தள்ளு-இழு’ முறை இதில் இன்னும் ஒருபடி மேலே போனது. மக்காச்சோளத்துக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி, தண்டுத்துளைப்பானைத் தள்ளுகிறது. வயலைச் சுற்றியுள்ள நேப்பியர் புல் அதை இழுத்துக்கொள்கிறது.

ஆனால் இவையெல்லாம் வயல் கணக்கு. சமூகத் தோட்டத்தில் சாய் சிம், கைலான் பாத்திக்குப் பக்கத்தில் கடுகு நட்டால் அது பொறியாகாது. எல்லாம் ஒரே குடும்பம், பூச்சிக்குப் பந்தி பெரிதாகும், அவ்வளவுதான். தவிர, பொறிப்பயிரை வைப்பவர் அதில் சேரும் புழுவைத் தவறாமல் அழிக்க வேண்டும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டால் பொறியே பண்ணையாக மாறிவிடும்.

துளசி பற்றி ஓர் எச்சரிக்கை

துளசியில் மெத்தில் யூஜினால் என்ற பொருள் இருக்கிறது. மா, கொய்யா போன்றவற்றைத் தாக்கும் கீழைப் பழ ஈயின் ஆண் ஈக்கள் அதன் மணத்துக்கு மயங்கி வரும். தமிழ்நாட்டு மாந்தோப்புகளில் துளசி இலையைக் கசக்கிச் சிரட்டையில் வைத்துப் பழ ஈயைப் பிடிப்பது இதனால்தான். வாசலில் துளசி வைப்பதற்கு எத்தனையோ நல்ல காரணங்கள் இருக்கலாம், பழ ஈயை விரட்டுவது அவற்றில் ஒன்றல்ல.

பாகற்காய், பீர்க்கங்காயைக் குத்துவது வேறோர் ஈ. அதற்குத் துளசியும் ஒன்றுதான், துடைப்பமும் ஒன்றுதான். பிஞ்சு விரல் நீளம் வருவதற்குள் நாளிதழ்த் தாளால் உறைபோல் சுற்றிவிடுவதே இன்றுவரை நம்பகமான வழி. மலேசியாவில் தம்பரத்தைப் பழத்தோட்டங்களில் ஒவ்வொரு பழத்துக்கும் உறை போடுவதும் பழ ஈக்கு அஞ்சித்தான்.

பூத்துவிட்ட மல்லியைப் பிடுங்காதீர்கள்

சிறு தோட்டத்துக்கு உண்மையில் ஒத்துவருவது, பூச்சியின் எதிரிகளுக்கு உணவு தரும் செடிகள். அசுவினியின் உடலுக்குள் முட்டையிடும் மிகச் சிறிய குளவிகள், குளவிபோல் தோன்றும் பூ ஈக்கள் ஆகியவற்றின் குஞ்சுகள்தான் வேட்டையாடும். வளர்ந்தவை தேனும் மகரந்தமும் உண்டு வாழ்பவை. அவற்றின் வாய் சிறியது. செம்பருத்தி போன்ற பெரிய பூக்களின் ஆழத்தில் உள்ள தேன் எட்டாது. கொத்துக் கொத்தாகச் சிறு பூக்கள் விரியும் மல்லி, சோம்பு, சதகுப்பை போன்றவை அவற்றுக்கு ஏற்றவை.

தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளின் நெல் வயல்களில் வரப்போரம் எள் போன்ற தேன் தரும் பூச்செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. பூச்சிமருந்துப் பயன்பாடு 70 விழுக்காடு குறைந்தது, விளைச்சல் 5 விழுக்காடு கூடியது.

சிங்கப்பூர் வெப்பத்தில் மல்லி சீக்கிரமே பூத்துவிடுகிறது என்பது தோட்டக்காரர்களின் நிரந்தரக் குறை. இலைக்காக வளர்த்தவருக்கு அது நட்டம்தான். கத்திரிக்கு நடுவே இருந்தால் அதைப் பிடுங்காமல் விட்டுவிடலாம், அது அப்போதுதான் வேலையைத் தொடங்குகிறது. கத்திரிக்கு இடையே மல்லி வளர்த்தபோது தண்டு, காய்த்துளைப்பான் சேதம் குறைந்ததை இந்தியாவில் நடந்த வயல் ஆய்வுகளும் பதிவுசெய்துள்ளன. குறைந்தது என்றுதான் சொல்கின்றன, நின்றது என்றல்ல. வாடிய குருத்தைக் கண்டவுடன் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போடும் வேலை தொடரத்தான் வேண்டும். செடியடியிலேயே போட்டால் புழு தப்பிவிடும்.

நண்பரையும் எதிரியையும் பிரித்தறியக் கண் பழக வேண்டும். பயற்றங்கொடியின் நுனியில் கறுப்பாக அசுவினி மொய்த்திருக்கும்போது, அதன் நடுவே முதலைக் குட்டியைச் சுருக்கியதுபோல் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு புழு ஊர்ந்தால் அதை நசுக்கிவிடக் கூடாது. அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினியைத் தின்னவே வந்திருக்கிறது. அதேநேரம், கத்திரி இலையைச் சல்லடையாகச் சுரண்டும் மஞ்சள் நிற முள்புழுவும் பொறிவண்டு இனத்தின் பிள்ளைதான். 28 புள்ளிகளுடன் மினுமினுப்பில்லாமல் இருக்கும் அந்த வண்டு இலை தின்னி. எறும்பு வரிசையாக ஏறினால் அசுவினிக்குக் காவல் போட்டிருக்கிறது என்று பொருள். எறும்பை முதலில் தடுத்தால்தான் பொறிவண்டால் நெருங்க முடியும்.

இத்தனையும் கூட்டாகச் செய்தால்தான் எடுபடும். ஒருவர் மல்லியைப் பூக்கவிட்டு, அடுத்த பாத்திக்காரர் வாராவாரம் மருந்து தெளித்தால் முதலில் சாவது அந்தச் சிறு குளவிகளே. அசுவினி அவற்றைவிட வேகமாகப் பெருகித் திரும்பிவிடும்.

இரண்டரை மீட்டர் பாத்தியில்

தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைப் பாத்தி 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்டது. அதற்குள் எல்லாத் துணைப்பயிரையும் திணிக்க முடியாது. காய்க்கும் செடிகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும் என்பதே முதல் கணக்கு. சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு மேலே செல்லும் ஊர் இது. எந்தத் திசையில் நடுவது என்பதைவிட, பக்கத்துக் கட்டடத்தின் நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்று பார்ப்பதே உதவும்.

ஒரு முனையில் பந்தல் கட்டிப் பயற்றங்கொடியோ பாகற்கொடியோ, நடுவில் இரண்டு கத்திரி, அவற்றுக்கு இடையே மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மல்லி என்று தொடங்கலாம். மளிகைக் கடை மல்லியே போதும். லேசாக உருட்டி இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். ஓரத்தில் குச்சாயும் பொன்னாங்கண்ணியும் இருந்தால் வெறும் மண் தெரியாது. மிளகாயும் தக்காளியும் கத்திரியின் உறவுக்காரர்கள். திடீரென வாடச் செய்யும் பாக்டீரியா நோய் மூன்றுக்கும் பொது. அவற்றைத் தனித் தொட்டிக்கு அனுப்புவது நல்லது. வெண்டையை ஒட்டிக் கத்திரி நடுவதும் தத்துப்பூச்சிக்குப் பாலம் போட்டுக்கொடுப்பதுபோல. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்பதை டெங்கிக் காலத்தில் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

கத்திரி ஓய்ந்ததும் தண்டோடு வெட்டிவிடாமல் வேரோடு பிடுங்கிப் பார்க்க வேண்டும். வேர் சீராக இருந்தால் அடுத்த பயிருக்குப் போகலாம். முடிச்சுகள் இருந்தால் அந்தப் பாத்தி நூற்புழுவின் வீடாகிவிட்டது. பயறுவகை வேரில் இயல்பாகவே வரும் நல்ல முடிச்சுகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, தேய்த்தாலும் வராது. அப்படிக் கண்டால் இரண்டு மூன்று மாதத்துக்குக் காய்கறியை மறந்துவிட்டு, பாத்தி முழுவதும் செண்டுமல்லியை நெருக்கி நடும் நேரம் வந்துவிட்டது.